ஐரோப்பாவுக்குக் கிளம்பும் ஐஸ் ஹாக்கி வீரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐஸ் ஹாக்கியில் ஒரு வகை ஆட்டக்காரர்கள் உண்டு. பெயரைச் சொன்னால் ரசிகர்களுக்குச் சட்டென்று ஞாபகம் வராது. வட அமெரிக்காவின் முதல் நிலை லீகான என்ஹெச்எல்லில் ஒரு சீசனில் 9 ஆட்டம், அடுத்த சீசனில் 4 ஆட்டம், மற்ற நாளெல்லாம் அதற்குக் கீழ்ப்படியான ஏஹெச்எல்லில். மேலே யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள். அடிபட்டவர் தேறி வந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படியே 26, 27 வயதாகிவிடும். அப்போதுதான் ஸ்வீடனிலிருந்தோ சுவிட்சர்லாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஓர் அழைப்பு வரும்.

போவதில் தவறே இல்லை. பலருக்கு அதுதான் நல்ல முடிவு என்பது என் கருத்து. ஆனால் அந்த முடிவை எடுக்கும் இரண்டு மூன்று வாரங்களில் செய்கிற பிழைகள் வருடக்கணக்கில் பின்தொடரும். அவற்றில் பாதிக்கு மேல் பனித்தரையில் நடப்பவை அல்ல, கையெழுத்துப் போடும் மேசையில் நடப்பவை.

முதல் பிழை, விமானம் ஏறிவிட்டால் பழைய அணியோடு உறவு முடிந்தது என்று நினைப்பது. ஒப்பந்தம் முடிந்த இளம் வீரருக்கு அணி உரிய தேதிக்குள் தகுதிச் சலுகை எனப்படும் ஒப்பந்தத்தை நீட்டியிருந்தால், அவர் அதை ஏற்காமல் கடல் கடந்து போனாலும் என்ஹெச்எல் உரிமை அந்த அணியிடமே இருக்கும். பிறகு வேறு அணி ஆசைப்பட்டாலும் நேராகச் சேர முடியாது. விளிம்பில் நிற்பவருக்கென்றே ஒரு வாசல் விதிகளில் உண்டு. 25 வயதாகி, தொழில்முறையில் 3 சீசன் முடித்து, என்ஹெச்எல்லில் 80 ஆட்டத்துக்கும் குறைவாக ஆடியவர் ஒப்பந்தம் முடிந்ததும் முழுச் சுதந்திரம் பெறுகிறார். கோல்கீப்பருக்கு அந்த எண்ணிக்கை 28. இதற்கு ஒரு வருடமே பாக்கி என்னும்போது அவசரப்பட்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் தலையைக் கொடுப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஏஜென்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அல்ல. “என் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது, எப்போது என் கைக்கு வரும்?” என்பதுதான்.

ஒப்பந்தம் நடுவில் இருக்கும்போதே கிளம்ப நினைப்பவருக்கு இன்னொரு கணக்கு. அணியும் அவரும் ஒத்துக்கொண்டு ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், ஆனால் மிச்சச் சம்பளம் போய்விடும். என்ஹெச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-26 சீசனில் 7,75,000 டாலர். சீசன் சுமார் 190 நாள், சம்பளம் நாள் கணக்கு. மேலே பத்து நாள் இருந்தாலே 40,000 டாலர் அளவுக்கு வந்துவிடும். மேலே ஒரு சம்பளம், கீழே ஒரு சம்பளம் என்று போடும் டூ-வே ஒப்பந்தத்தில் கீழே ஆடும் நாட்களுக்கு இதில் சிறு பங்குதான். ஆகவே கடந்த சீசனில் மேலே எத்தனை நாள் இருந்தோம், இந்த வருடம் எத்தனை நாள் கிடைக்கும் என்று எழுதிப் பார்த்த பிறகே வந்திருக்கும் தொகை பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் ஆபத்தானது: “சரிப்படாவிட்டால் ஜனவரியில் திரும்பிவிடலாம்” என்ற நம்பிக்கை. என்ஹெச்எல் வழக்கமான சீசன் தொடங்கிய பிறகு வட அமெரிக்காவுக்கு வெளியே உள்ள லீகில் ஆடிய வீரர், தன் அணி இரவலாக அனுப்பியிருந்தால் தவிர, அதே சீசனில் என்ஹெச்எல்லில் ஆட வேண்டுமானால் பொதுவாக வேவர் பட்டியலைக் கடந்தாக வேண்டும். அதாவது, அவர் ஒரு அணியோடு கையெழுத்துப் போட்டாலும் மற்ற அணிகளில் எதுவும் அவரைத் தட்டிக்கொண்டு போகலாம்.

2010-11 சீசனில் நடந்ததைப் பாருங்கள். மாரெக் ஸ்வாதோஸ் ரஷ்யாவிலிருந்து திரும்பி செயின்ட் லூயிஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தார். நாஷ்வில் எடுத்துக்கொண்டது. சில வாரம் கழித்து, 2011 ஜனவரியில், கைல் வெல்வுட் அதே செயின்ட் லூயிஸோடு ஒப்பந்தம் செய்தார். அவரை சான் ஹோசே எடுத்துக்கொண்டது. அதே ஜனவரியில், பெரிய பெயரான கோல்கீப்பர் எவ்கெனி நபோகோவ் டெட்ராய்ட்டில் ஆடலாம் என்று வந்தார். நியூயார்க் ஐலாண்டர்ஸ் நடுவில் கை வைத்தது. அவர் போக மறுத்தார். அந்தச் சீசனின் மிச்சம் ஆடாமலே கழிந்தது, அடுத்த சீசனில் அதே ஐலாண்டர்ஸுக்குத்தான் ஆடினார். நபோகோவுக்கே இந்த நிலை என்றால், 13 ஆட்டம் ஆடியவர் தன் விருப்பப்படி ஊரைத் தேர்ந்தெடுக்க முடியும் என்று எண்ணுவது வீண்.

ஆகவே திரும்பும் வழியை ஐரோப்பிய ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கோடையில் குறிப்பிட்ட தேதிக்குள் என்ஹெச்எல் அழைப்பு வந்தால் விடுவிக்க வேண்டும் என்ற ஷரத்து பல ஒப்பந்தங்களில் இடம்பெறும். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று மேலாளர் வாயால் சொல்வது எழுத்தாகாது. தேதி என்ன, ஏஹெச்எல் அழைப்புக்கும் இது செல்லுமா, பதிலுக்கு ஏதேனும் தொகை கட்ட வேண்டுமா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். என்ஹெச்எல் தளம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். ஐரோப்பாவில் பல அரங்குகள் 30 மீட்டர் வரை அகலம் கொண்டவை. நான்கு மீட்டர்தானே என்று தோன்றும். சிறிய தளத்தில் பழகிய தடுப்பாட்டக்காரர் ஓரச் சுவரில் ‘பக்’ எனும் ரப்பர் வட்டோடு நிற்பவரைப் பார்த்ததும் நேராகப் பாய்வார், அங்கே அது சரி. அகலமான தளத்தில் அவர் போய்ச் சேர்வதற்குள் பக் நடுவுக்குத் தட்டப்பட்டிருக்கும். இவர் வெறும் பலகையில் மோதி நிற்பார், கோல் முன்னால் அவர் விட்டு வந்த இடத்தில் எதிரணி ஆள் தனியாக நிற்பார். பாய்வதைக் குறைத்து, கோலுக்கும் எதிராளிக்கும் நடுவில் இருக்கப் பழக வேண்டும். முதல் மாதத்தில் தடுமாறியதும் “என் வேகம் போய்விட்டது” என்று மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. வேகம் எங்கும் போகவில்லை. கோணம்தான் மாறியிருக்கிறது.

உடல் தயாரிப்பிலும் தப்புக் கணக்கு நடக்கும். ஏஹெச்எல்லில் 72 ஆட்டம், சில வாரங்களில் மூன்று நாளில் மூன்று ஆட்டம். ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் 52தான். குறைவுதானே என்று செப்டம்பர் பயிற்சி முகாமை மனதில் வைத்துக் கோடையைக் கழித்தால், ஆகஸ்டிலேயே தளத்தில் இறங்கிவிடும் அணியில் கடைசி ஆளாக மூச்சு வாங்க வேண்டியிருக்கும். ஆட்டம் குறைந்த இடத்தில் பயிற்சி கூடும்.

கழுத்துக் காப்பு அணிவது பற்றி யாரும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. பிட்ஸ்பர்க்குக்காக 13 என்ஹெச்எல் ஆட்டம் ஆடிவிட்டு ஐரோப்பா சென்ற ஆடம் ஜான்சன், 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் ஸ்கேட் கத்தி கழுத்தில் பட்டு இறந்தார். அவருக்கு வயது 29. அதன் பிறகுதான் பல லீகுகள் அதைக் கட்டாயமாக்கின. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அணியுங்கள்.

வெளிநாட்டு ஆட்டக்காரர் என்றால் என்ன பொருள் என்று புரியாமல் போவது இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் முதல் நிலை லீகில் ஓர் ஆட்டத்தில் 6 வெளிநாட்டவர் இறங்கலாம், 2022-க்கு முன் 4 பேர்தான். அணி அதைவிடக் கூடுதலாகவே ஆள் எடுத்து வைத்திருக்கும், ஏழாவது ஆள் பார்வையாளர் வரிசையில் உட்கார்வார். வட அமெரிக்காவில் மாறி மாறி இறங்கும் குழுக்களில் கடைசியான நான்காவது வரிசையில் இறங்கி, அடி வாங்கி, எதிரணிக்கு ஆள் கூடுதலாக இருக்கும் பவர் பிளேயைத் தடுத்தவரிடம் இங்கே கோல் கேட்பார்கள். அக்டோபருக்குள் கோல் வரவில்லையென்றால் முதலில் மாற்றப்படுபவர் அவர்தான். எந்த வரிசை, பவர் பிளேயில் இடம் உண்டா என்பதைப் பயிற்சியாளரிடமே நேரடியாகக் கேட்க வேண்டும். கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

மனநிலை பற்றி ஒரே வார்த்தை. ஐரோப்பா என்பது ஓய்வுக்கு முந்திய ஓய்வு அல்ல. பிரையன் ரஃபால்ஸ்கியை, அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் நான்கு வருடம் ஆடிவிட்டு 1999-ல் நியூ ஜெர்சியில் சேர்ந்தார். 2000-ல் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அவர் கையில் இருந்தது, பிறகு இன்னும் இரண்டு முறை.

பணத்தில் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ஐரோப்பிய அணிகள் பொதுவாக வரி போகக் கைக்கு வரும் தொகையைச் சொல்லும், வீடும் காரும் சேர்த்துத் தரும். அதைக் கேட்டதும் வரித் தொல்லையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் தன் நாட்டில் கணக்குக் காட்ட வேண்டும். கனடாக்காரர் வீட்டையும் குடும்பத்தையும் அங்கேயே வைத்துவிட்டுப் போனால், அவர் இன்னும் கனடாவில் வசிப்பவராகவே கருதப்படலாம். நாணயமும் முக்கியம். ரூபிளில் ஒப்பந்தம் செய்தவர்களின் சம்பளம் 2014-ன் இரண்டாம் பாதியில் டாலர் கணக்கில் பாதிக்கு அருகில் சரிந்தது.

அணியின் பெயரைப் பார்த்து மயங்கவும் கூடாது. ப்ராக் நகரின் லெவ் அணி 2014 வசந்தத்தில் ரஷ்யாவை மையமாகக் கொண்ட கேஹெச்எல் லீகின் ககாரின் கோப்பை இறுதிப் போட்டி வரை வந்தது. அந்தக் கோடையிலேயே லீகை விட்டு விலகியது.

இதற்கெல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். போன வருடம் அந்த அணியில் ஆடிவிட்டு வெளியேறிய வெளிநாட்டு வீரர் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். சம்பளம் தேதி தவறாமல் வந்ததா? அடிபட்டபோது மருத்துவச் செலவை யார் கட்டினார்கள்? மனைவி, குழந்தைகளுக்கு விசாவும் பள்ளியும் ஏற்பாடு செய்ய யாராவது உடன் இருந்தார்களா? முதல் கேள்விக்கே அவர் பதில் சொல்லத் தயங்கினால், பேனாவை மூடி வைத்துவிட்டு ஏஜென்டை மறுபடியும் கூப்பிடுங்கள்.