புனைபெயர் என்றாலே பெண்ணா? விக்டோரிய இலக்கியம் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரிய காலத்துப் பெண்கள் சொந்தப் பெயரில் எழுத முடியாது, அதனால் ஆண் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். ஆங்கில இலக்கிய கைடுகளிலும் தேர்வு விடைகளிலும் இந்த வரியை அடிக்கடி பார்க்கலாம். பாதி உண்மைதான். ஆனால் மீதிப் பாதி ஆளைக் கவிழ்த்துவிடும்.

1850ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேர்ட்ஸ்வொர்த் இறந்து அரசவைக் கவிஞர் பதவி காலியாகிறது. எலிசபெத் பாரெட் பிரௌனிங்குக்கு அதைக் கொடுக்கலாம் என்று அதீனியம் இதழ் எழுதுகிறது. அவர் பெண், சொந்தப் பெயரில் எழுதி ஊரறிந்த கவிஞர். அதே ஆண்டு 'இன் மெமோரியம்' என்ற நீள்கவிதை ஆசிரியர் பெயரே இல்லாமல் வெளிவருகிறது. அதை எழுதியவர் டென்னிசன், ஆண். கடைசியில் பதவியும் அவருக்கே போனது.

ஆண்கள் பெயரை மறைத்ததற்கு இது ஒன்றுதான் சாட்சி என்றில்லை. புகழின் உச்சியில் இருந்த ஆண்டனி ட்ரொலோப், தன் நாவல்கள் விற்பது எழுத்துக்காகவா பெயருக்காகவா என்று பார்க்க 1867இல் 'நீனா பலட்கா'வைப் பெயர் போடாமல் வெளியிட்டார். புத்தகம் சரியாகப் போகவில்லை. வில்லியம் ஷார்ப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890களில் ஃபியோனா மக்ளவுட் என்ற பெண் பெயரில் எழுதத் தொடங்கி, 1905இல் சாகும்வரை அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்.

பெண்கள் மறைத்தபோதும் காரணம் ஒரே மாதிரி இல்லை. 1848இல் 'மேரி பார்ட்டன்' நாவல் பெயரில்லாமல் வந்தது. எலிசபெத் காஸ்கெல் அதில் சொன்னது மான்செஸ்டர் மில் தொழிலாளர்களின் பட்டினியை. அவர் கணவரோ அதே ஊரில் கிராஸ் ஸ்ட்ரீட் சேப்பலின் போதகர். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் மில் முதலாளிகளும் உண்டு. இந்த நிலைமையைச் சொல்லாமல் 'பெண் என்பதால் மறைத்தார்' என்று எழுதினால், நாவலின் சமூகக் கருத்துக்கும் பெயரில்லா அட்டைக்கும் இருந்த முடிச்சே கண்ணில் படாது.

சார்லட், எமிலி, ஆன் என்ற பிராண்டி சகோதரிகள் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் தவறிப்போகிறது. அவர்கள் முறையே வைத்துக்கொண்ட கரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்பவை தெளிவான ஆண் பெயர்கள் அல்ல. அப்பட்டமான ஆண் பெயரை வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை, பெண் என்று காட்டிக்கொண்டால் விமர்சகர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள் என்று சார்லட் 1850இல் எழுதினார். இந்த மூடுமந்திரத்தால் தொல்லையும் வந்தது. ஆனின் பதிப்பாளரான நியூபி, 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலை கரர் பெல்லுடையது என்று அமெரிக்காவில் விற்கப் பார்த்தார். சார்லட்டின் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுத, 1848 ஜூலையில் சார்லட்டும் ஆனும் லண்டனுக்கு ரயிலேறினார்கள். தான் கரர் பெல்லுக்கு அனுப்பிய கடிதத்தை முன்பின் தெரியாத ஒரு பெண் நீட்டியதும், இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் ஸ்மித் கேட்டார்.

அடுத்தது, விமர்சனங்களை மேற்கோள் காட்டும்போது நடக்கும் தவறு. சார்லட்டின் நாவலைப் பற்றி 'விக்டோரிய ஆணாதிக்கச் சமூகம் ஜேன் ஏரைக் கண்டித்தது' என்று எழுதி, 1848 டிசம்பர் குவார்ட்டர்லி ரிவ்யூ இதழின் விமர்சனத்தைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தக் கட்டுரையிலும் கையொப்பம் கிடையாது. எழுதியவர் எலிசபெத் ரிக்பி, ஒரு பெண். 1865இல் தொடங்கிய ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ கட்டுரையாளர் பெயரைப் போடும் வழக்கத்தைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டது. அதற்கு முன்பு பெரும்பாலான இதழ்களில் இதழின் குரல்தான் பேசியது. எந்தக் கட்டுரை யாருடையது என்று பார்க்க வெல்லெஸ்லி இன்டெக்ஸ் இருக்கிறது. பத்து நிமிட வேலை, சோம்பல் படாதீர்கள்.

ஆண்டு பார்க்காமல் சமூகக் கருத்துகளைக் கோர்ப்பது இன்னொரு வம்பு. பல்லிலும் நகத்திலும் ரத்தம் தோய்ந்த இயற்கை என்ற டென்னிசன் வரியை டார்வினின் தாக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். அந்த வரி வரும் 'இன் மெமோரியம்' 1850, டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859. அதற்கு முன்பே, 1844இல், இயற்கையில் எல்லாமே படிப்படியாக உருவானவை என்று 'வெஸ்டிஜஸ்' என்ற நூல் வந்து பரபரப்பைக் கிளப்பியிருந்தது. அதிலும் ஆசிரியர் பெயர் இல்லை! இளவரசர் ஆல்பர்ட் வரைக்கும் ஊர் சந்தேகப்பட்டது. எழுதியவர் எடின்பரோ பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ். 1871இல் அவர் இறந்தார், அவர் பெயரோடு நூல் வந்தது 1884இல்தான்.

இலக்கிய வகைகளுக்கு வருவோம். கோதிக் நாவலையும் 1860களின் பரபரப்பு நாவலையும் ஒரே கூடையில் போடக் கூடாது. முதலாவதில் பயம் தூரத்துக் கோட்டையில் இருக்கும். இரண்டாவதில் அது நம் பக்கத்து வீட்டில், தபாலும் ரயிலும் வந்துபோகும் இங்கிலாந்தில் இருக்கும். வில்கி காலின்ஸின் பரபரப்பு நாவலான 'தி வுமன் இன் வைட்' படிக்கும்போது வக்கீல் கில்மோர் திருமண ஒப்பந்தம் பேசும் பகுதியைச் சலிப்பென்று பலர் தாண்டிவிடுகிறார்கள். மனைவி குழந்தை இல்லாமல் இறந்தால் அவளுடைய 20,000 பவுண்டு தனக்கே வர வேண்டும் என்று மணமகன் சர் பெர்சிவல் அடம்பிடிப்பது அங்கேதான். அதைத் தாண்டினால் அப்புறம் நடக்கும் சதி வெறும் மர்மக்கதையாகத்தான் தெரியும்.

இந்தக் காலத்துத் தவறு ஒன்றும் உண்டு. 2020இல் ஒரு மதுபான நிறுவனத்தின் ஆதரவில், ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் வந்திருந்த 'மிடில்மார்ச்' நாவல், அதை எழுதிய பெண்ணின் பெயரான மேரி ஆன் எவன்ஸ் என்பதோடு மறுபடி வெளியிடப்பட்டது, அவருக்கு நியாயம் செய்வதாகச் சொல்லி. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஜார்ஜ் எலியட் யார் என்பது 1859இலேயே வெளிவந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து 'மிடில்மார்ச்' வரத் தொடங்கியபோதும் அவர் அதே பெயரைத்தான் போட்டுக்கொண்டார். அன்றாட வாழ்விலோ, சட்டப்படி மணக்க முடியாமல் சேர்ந்து வாழ்ந்த ஜார்ஜ் ஹென்றி லூயிஸின் பெயரைச் சேர்த்து, தன்னைத் திருமதி லூயிஸ் என்றே அழைக்கச் சொன்னார்.