எகனாமிக்ஸும் ஆர்க்கியாலஜியும் சேர்த்து படிக்கிறீங்களா? நான் பண்ணின கூத்தை நீங்களும் பண்ணாதீங்க

முந்தாநாள் ஒரு ஜூனியர் பொண்ணு ப்ராஜெக்ட் டிராஃப்ட் அனுப்பியிருந்தா. திறந்து பார்த்தா ஏழு வருஷம் முன்னாடி நான் போட்ட அதே கிராஃப், அச்சு அசலா. ஸ்காட்லாந்துல நாலு வருஷ ஜாயின்ட் டிகிரி எங்களுது. டைம்டேபிள் மோதறது, ரெண்டு டிபார்ட்மென்ட்டும் நம்மளை அடுத்த வீட்டுப் புள்ளையா பார்க்கறது, இதெல்லாம் தானா பழகிடும், விடுங்க.

கிடைச்ச எண்ணிக்கையை டேட்டான்னு நம்பறது

இது இன்னும் எனக்கு எரிச்சல். தென்னிந்தியாவுல கிடைச்ச ரோமன் காசையெல்லாம் ராஜா வாரியா பிரிச்சு எக்ஸெல்ல போட்டேன். அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசு குவியுது, நீரோவுக்கு அப்புறம் லைன் தொபுக்கடீர்னு விழுது, சரி வியாபாரமே படுத்துடுச்சுன்னு ரெண்டு பக்கம் கன்க்ளூஷன் எழுதி டம்மி வேரியபிள் (நீரோவுக்கு முன்னாடின்னா 0, பின்னாடின்னா 1) வேற போட்டு கெத்தா கொடுத்தேன். ஆர்க்கியாலஜி மேடம் ஓரத்துல ஒரே கேள்விதான் எழுதினாங்க: இது காசு அடிச்ச வருஷமா, கப்பல் ஏறின வருஷமா?

அவ்ளோதான், மொத்தமும் காலி. கி.பி. 64ல நீரோ வெள்ளிக் காசோட எடையையும் தரத்தையும் கொறைச்சுட்டான். இந்தப் பக்கத்து வியாபாரிக்கு காசுன்னா வெள்ளி, முகம் யாருதா இருந்தா என்ன, பழசைத்தான் கேட்டு வாங்கியிருப்பான். டைபீரியஸ் கி.பி. 37லயே செத்துட்டான், ஆனா அவன் காசு அதுக்கப்புறம் எத்தனையோ வருஷம் கழிச்சும் வந்து இறங்கியிருக்கலாம். கெட்ட காசு உள்ளூர்ல சுத்தும், நல்ல காசு பெட்டிக்குள்ளயோ வெளிநாட்டுக்கோ போயிடும்னு கிரஷாம் விதியை பரீட்சையில எழுதி மார்க் வாங்கினவன் நான். கண்ணு முன்னாடி இருந்தப்போ தெரியல.

அடுத்தது புதையல். 1898ல புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமன் தங்கக் காசு கிடைச்சுது, பெரும்பாலானதுல முகத்து மேலயே வெட்டு. நான் அதை 501 அப்சர்வேஷனா எண்ணினேன். யாரோ புதைச்சு வச்சு திரும்பி எடுக்காம போன ஒரே குவியல்ங்க அது, கணக்குக்கு ஒண்ணு.

வந்து இறங்கின காசாவது மிஞ்சுது, இங்கேர்ந்து போன மிளகு? செங்கடல் ஓரம் எகிப்துல பெரெனிகேங்கற பழைய துறைமுகத்துல ஒரு இந்தியச் சாடியில 7.55 கிலோ மிளகு கிடைச்சுது, கோவில்ல இருந்ததால தப்பிச்சுது. மத்ததெல்லாம் ரோமன் வயித்துக்குள்ள போயாச்சு.

இங்கிலாந்து, வேல்ஸ்ல மெட்டல் டிடெக்டர் ஆளுங்க எடுத்ததைப் பதிவு பண்ற டேட்டாபேஸ் 1997லேர்ந்து இருக்கு. அதை அப்படியே மேப்ல போட்டா அந்தக் காலத்துப் பணக்கார ஊர் எதுன்னு தெரியாது, டிடெக்டர் தூக்கிட்டு எவன் எந்த வயல்ல நடந்தான்னுதான் தெரியும்.

ப்ளினி சொன்ன 5 கோடி செஸ்டர்ஸ்

செஸ்டர்ஸ்னா ரோமன் காசு. ப்ளினிங்கற பழைய ரோமன் எழுத்தாளர், இந்தியாவுக்கு இவ்ளோ பணம் போகுதேன்னு பொலம்பினது அது. ஜிடிபி மாதிரி மாடல்ல சொருகாதீங்க.

கார்பன் டேட்டை ஒத்தை வருஷமா எழுதறது

கார்பன் வச்சு கணிக்கற வயசு ஒரே வருஷமா வராது, இந்த வருஷத்துலேர்ந்து இந்த வருஷத்துக்குள்ளன்னுதான் வரும். அந்த ரேஞ்சை எழுதுங்க.

கோடையில ரெண்டு குதிரை

பேங்க் இன்டர்ன்ஷிப்பும் தோண்டற சீசனும் ஒரே நேரத்துல வரும். நான் ரெண்டுக்கும் சரின்னு சொல்லி ரெண்டு இடத்துலயும் திட்டு வாங்கினேன்.

நேத்து ராத்திரி அந்தப் பொண்ணு கேட்டா, "அண்ணா, குவியலையெல்லாம் ஒண்ணு ஒண்ணா எண்ணினா சாம்பிளே மிஞ்ச மாட்டேங்குதே?" ஆமாம்மா, எனக்கும் மிஞ்சல, சப்மிஷனுக்கு ஒன்பது நாள் இருக்கறப்போ டாபிக்கையே மாத்தினேன்னு சொன்னேன்.