மண்டபம் தீவுகள் ஏழும் மறக்காமல் இருக்க: மூளையின் ரசாயனம் சொல்லும் வழி

"அண்ணே, ராத்திரி படிச்சது காலையில காணோம்" என்று கேட்கும் நம் ராமநாதபுரக் கரைத் தம்பி தங்கைகளுக்காக இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் மண்டபம் குழுவில் ஏழு: சிங்கில், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. இவற்றை வைத்தே செய்து பார்ப்போம்.

முதல் படி: போனை வேறு அறையில் வையுங்கள். கவனம் குவியும்போது அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனம் கூடும். புதுச் செய்தியைப் பதிய அது உதவும்.

இரண்டாம் படி: இரண்டு முறை வாய்விட்டுப் படித்ததும் புத்தகத்தை மூடிச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதுதான் நீண்ட நாள் நிற்கும். இங்கே உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். ஒரு நரம்பணு குளூட்டமேட் என்ற ரசாயனத்தை விடுகிறது. அதை வாங்கும் அணுவில் என்எம்டிஏ என்றொரு வாசல். சாதாரணமாக மெக்னீசியம் அதை அடைத்திருக்கும். அணு போதுமான அளவு தூண்டப்பட்டால்தான் மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே போகும். அதன் பிறகு அந்த இணைப்பு வலுவாகும், அடுத்த முறை சீக்கிரம் பற்றிக்கொள்ளும். இந்த வலுவாதலை பிளிஸ், லோமோ என்ற விஞ்ஞானிகள் இருவரும் முயல் மூளையில் கண்டு 1973இல் எழுதினார்கள்.

மூன்றாம் படி: உணர்ச்சியைச் சேருங்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை நேரில் கண்ட பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பயத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் என்ற ரசாயனம், மூளையில் உணர்ச்சியைக் கவனிக்கும் அமிக்டலா என்ற பகுதி வழியாக நினைவை அழுத்தமாக்குகிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். பாம்பன் தீவிலுள்ள குந்துகால் கரைக்குப் போய் எதிரே தெரியும் குருசடையைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். தேர்வுப் பதற்றம் மட்டும் கூடாது. அப்போது ஏறும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன், தெரிந்ததைக்கூட வாய்க்கு வரவிடாது.

நான்காம் படி தூக்கம். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். நாள்பட்ட நினைவுக்குப் புதிய புரதங்கள் வேண்டும். கடல் முயல் என்ற நத்தையினத்தில் நினைவை ஆராய்ந்து இதைக் காட்டிய எரிக் காண்டலுக்கு 2000இல் நோபல் கிடைத்தது. ஆழ்ந்த தூக்கத்தில் மூளை பகலில் படித்ததை மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது. விடியுமுன் கடலுக்குக் கிளம்பும் வீடென்றால் விளக்கும் பேச்சும் எழுப்பிவிடும், அதனால் எட்டு மணிக்கே படுங்கள்.

அப்புறம் மறுநாள், சில நாள் கழித்து, ஒரு வாரம் கழித்துச் சொல்லிப் பாருங்கள். நினைவுக்கு வரும்போது அது சற்று நெகிழ்ந்து, திருத்தத்துக்கு இடம் கொடுக்கும். மனோலியையும் மனோலிபுட்டியையும் இடம் மாற்றிச் சொல்லியிருந்தால், அப்போதே புத்தகத்தைத் திறந்து சரிசெய்துகொள்ளுங்கள்.