கிளட்ச் கவர் போல்ட் தலை முறிந்துவிட்டதா? டிரில்லை எடுக்கும் முன்...

ஸ்பேனர் திடீரென்று இலகுவாகச் சுற்றும். போல்ட் இளகிவிட்டது என்று நினைப்போம். சாக்கெட்டை வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே போல்ட்டின் தலை மட்டும் இருக்கும். முதல் முறை எனக்கு இப்படி ஆனபோது, கவரைக் கழற்றாமலே முறிந்த போல்ட்டின் மேல் டிரில்லை வைத்தேன். பிட் வழுக்கி, மரைக்குப் பக்கத்தில் இருந்த அலுமினியத்தைத் தோண்டிவிட்டது. அந்தத் தவறை நீங்கள் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

100, 125 சிசி வண்டிகளில் இந்தக் கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன்தான். போல்ட் இரும்பு, இன்ஜின் அலுமினியம். இடையில் மழைத்தண்ணீர் இறங்கினால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி மரைக்குள் இறுகிவிடும். அதற்குப் பிறகு பலம் கொடுத்தால் முறிவது போல்ட்தான்.

முதலில் கவரைக் கழற்றுங்கள்

ஆயிலை வடித்துவிட்டு, மீதி போல்ட்டுகளை எல்லாம் எடுங்கள். அவை எல்லாம் ஒரே நீளம் கிடையாது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்துப் போல்ட்டோ அங்கேயே குத்தி வையுங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் போதும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள், கேஸ்கெட் (கசியாமலிருக்க இடையில் வைக்கும் தாள்) உட்காரும் பரப்பு கீறினால் ஆயில் கசியும்.

கவர் வந்ததும் பாருங்கள்: முறிந்த போல்ட்டின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தலை போனதுமே கவரை அழுத்தியிருந்த இழுவிசையும் போய்விட்டது. அதனால் துரு அதிகமில்லாத போல்ட் சில சமயம் விரலுக்கே சுற்றி வந்துவிடும்.

வரவில்லையா? ஊற விடுங்கள், சூடாக்குங்கள்

தண்டு இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கும் எண்ணெயை அடித்து, சின்னச் சுத்தியலால் தண்டின் நுனியில் மெதுவாகத் தட்டுங்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். மறுநாள் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, ஹீட் கன்னால் போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், மரையின் பிடி தளரும். பெட்ரோல் டியூப் பக்கத்தில் இருந்தால் டேங்க்கை இறக்கிவிட்டுச் செய்யுங்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

இப்போது வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) தண்டை அடியோடு ஒட்டி இறுகப் பிடியுங்கள். ஒரேயடியாக இடப்பக்கம் திருப்பாதீர்கள். கொஞ்சம் வலம், கொஞ்சம் இடம் என்று மாற்றி மாற்றி ஆட்டுங்கள். “கிர்ர்” என்று ஒரு சத்தம் வந்தால் மரை விடுகிறது என்று அர்த்தம். தண்டு ரப்பர் மாதிரி முறுக்கிக்கொண்டு கொடுத்தால் உடனே நிறுத்துங்கள். மறுபடி முறியப் போகிறது. திரும்பவும் எண்ணெய், திரும்பவும் சூடு. எனக்கு ஒருமுறை இதற்கே மூன்று நாள் ஆனது.

அதற்கும் அசையாவிட்டால் வெல்டிங் பட்டறை. தண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் செய்து, ஸ்பேனரால் திருப்புவார்கள். அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். போவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பி.எஸ்.6 (புதிய புகை விதி) வண்டியாக இருந்தால் ஈ.சி.யு. எனும் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியின் இணைப்பையும் சேர்த்து.

தண்டு இன்ஜின் மட்டத்தோடு முறிந்திருந்தால்தான் டிரில்

முதலில் கண்ணாடி போடுங்கள். இன்ஜின் திறப்புகளைத் துணியால் அடையுங்கள். முறிந்த முகத்தை அரத்தால் சமமாக்கி, சரியாக நடுவில் சென்டர் பஞ்ச் (பிட் உட்காரக் குழி போடும் கூர் உளி) அடியுங்கள். இந்த ஒரு அடிக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். நடு தப்பினால் பிட் மிருதுவான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும். பிட்டில் கிரீஸ் தடவி, குறைந்த வேகத்தில் 3 மி.மீ. துளை போடுங்கள். துகள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். இடச்சுற்று டிரில் பிட் கிடைத்தால் வாங்குங்கள், துளை போடும்போதே துண்டு வெளியே வந்துவிடலாம்.

ஈசி அவுட்டை (துளைக்குள் விட்டு இடப்பக்கம் திருப்பி முறிந்த துண்டை எடுக்கும் கருவி) மட்டும் பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். அது கடினமாக்கிய எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண பிட் அதைத் துளைக்காது. வராது என்று தோன்றினால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். 5 மி.மீ. வரை துளைத்து 6 மி.மீ. டேப் (மரை வெட்டும் கருவி) விடுவார்கள், மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே வைக்கும் கம்பிச் சுருள்) போடுவார்கள்.

மாட்டும்போது

மரையைச் சுத்தம் செய்து, புது கேஸ்கெட் வைத்து, எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். பிறகு எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். சின்ன ஸ்பேனரைக் கழுத்தருகே பிடித்தால் கை அளவாகத்தான் இறுக்கும்.

ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓடவிட்டு, கவரின் அடி விளிம்பை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.