மதுரை மீன் மார்க்கெட்டில் பவளப்பாறை மீன்களை அளப்பது எப்படி?

பவளப்பாறை மீன்களைப் பற்றிப் படிக்க முக்குளிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் கூடு வைத்தும் தூண்டில் போட்டும் பிடிக்கும் ஓரா, கிளிமீன், விளமீன், கலவா, நவரை எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறி மதுரைக்கு வருகின்றன. 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். கரிமேடு மீன் மார்க்கெட்டிலோ மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட்டிலோ அளக்க வியாபாரி சரியென்றால் போதும். மொத்த வியாபாரம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். கூடைகளைச் சில்லறைக்குப் பிரித்த பிறகு, "அண்ணே, அளந்துட்டு அப்படியே வச்சிடுறோம்" என்று கேளுங்கள்.

முதலில் ஓராவையும் கிளிமீனையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பாசி மேய்பவை. 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. செத்த பவளத்தின் மேல் பாசி மண்டிவிட்டால் புதுப் பவளம் ஒட்டி வளர இடமில்லை. அந்தப் பாசியை மேய்ந்து இடம் உண்டாக்கும் மீன்கள் என்ன அளவில் பிடிபடுகின்றன என்பது பாறையின் எதிர்காலத்தையே தொடும் கேள்வி.

அளவுப் பலகைக்கு 60 செ.மீ. நீள ஒட்டுப்பலகையின் ஒரு முனையில் கட்டை ஒன்றைச் செங்குத்தாக அடித்து, ஸ்டீல் ஸ்கேலைப் பதியுங்கள். சில ஸ்கேல்களில் பூஜ்ஜியத்துக்கு முன் சிறிது இடம் விட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் கட்டையோடு ஒட்டினால் ஒவ்வொரு மீனும் அரை செ.மீ. குட்டையாகப் பதிவாகும். பூஜ்ஜியக் கோடுதான் கட்டையைத் தொட வேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் 5 கிலோ தராசு, பென்சில், கெட்டி அட்டை, தடித்த கையுறை இருந்தால் போதும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கலங்கிவிடும்.

கையுறை ஓராவுக்காக. அதன் முதுகில் 13, ஆசனத் துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்புகளில் 4 என மொத்தம் 24 விஷ முட்கள். மீன் செத்தாலும் முள்ளின் விஷம் போகாது. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் கையை வைத்திருங்கள். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மார்க்கெட் பெயரை ஒரு கட்டத்திலும் அறிவியல் பெயரை வேறு கட்டத்திலும் எழுதுங்கள். சங்கரா என்ற ஒரே பெயரில் வேறு வேறு குடும்பத்து மீன்கள் விலைபோகின்றன. விளமீனா, அதைப்போலவே தோன்றும் லுட்ஜானஸ் (ஸ்னாப்பர்) இனமா என்று குழம்பினால் கன்னத்தைப் பாருங்கள்: விளமீனுக்குக் கன்னத்தில் செதில் கிடையாது. கலவாவில் முதுகுத் துடுப்பு முள்ளை எண்ண வேண்டும். கலவாவின் இரண்டு பேரினங்களில், எபினெஃபெலஸ் என்றால் பெரும்பாலும் 11, செஃபலோஃபோலிஸ் என்றால் 9. துடுப்புகளை விரித்து, ஸ்கேலும் தெரியும்படி இடப்பக்கத்தைப் படமெடுங்கள். கிளிமீனின் நிறம் ஐஸில் மங்கிவிடும் என்பதால் முதல் படம் அதற்குத்தான்.

அளக்கும்போது கூடையில் கிடப்பதை வரிசையாக எடுங்கள். இனத்துக்கு 30 மீனாவது வேண்டும். கண்ணுக்குப் பெரிதாகப் படுவதைக் கை தானாகப் பொறுக்கும், அதை அனுமதித்தால் கணக்கே பாழ். வாய் மூடிய நிலையில் மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வால் நுனி வரையான முழு நீளத்தையும் வால் இரண்டாகப் பிரியும் கவை வரையான நீளத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டையும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. குடல் எடுத்த மீனுக்கு எடை எழுத வேண்டாம், நீளம் மட்டும் போதும்.

எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டு எழுதாத பதிவை நீக்கிவிடுவதே நேர்மை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது கேரளச் சரக்கு கூடுதலாக இருக்கலாம். நாட்டுப்படகில் பிடித்த பாறை மீனும் அதனுடன் கலந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நீளத்தையும் எடையையும் மடக்கை (log) எடுத்து வரைபடமாக்குங்கள். புள்ளிகள் வழியே போகும் கோட்டின் சாய்வு 3-ஐ ஒட்டி வரும். 2.5-க்குக் கீழோ 3.5-க்கு மேலோ போனால் பெரும்பாலும் மீனில் அல்ல, உங்கள் பதிவில்தான் கோளாறு: தசமப் புள்ளி தவறியிருக்கும், இல்லையென்றால் இரண்டு இனங்கள் கலந்திருக்கும். அடுத்து, முதன்முறை முட்டையிடும் நீளத்தை மீன் இனங்களின் தகவல்களைத் தொகுத்துள்ள ஃபிஷ்பேஸ் (FishBase) இணையதளத்தில் பார்த்து, அதற்குக் குறைவான மீன்கள் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். தளத்தில் உள்ளது முழு நீளமா, கவை நீளமா என்பதையும் பாருங்கள்.

கலவாவில் மட்டும் அவசரப்பட்டு முடிவு சொல்லாதீர்கள். எபினெஃபெலஸ் கலவாக்கள் பெரும்பாலும் பெண்ணாகவே முதிர்ந்து, வளர்ந்தபின் ஆணாக மாறுபவை. பெரிய மீன் அற்றுப்போனால் ஆணே அற்றுப்போகும். ஆனால் பெரிய கலவா கரையிலேயே ஏற்றுமதிக்கும் ஹோட்டலுக்கும் போய்விடுவதுண்டு. மதுரையில் காணவில்லை என்பதால் கடலிலும் இல்லை என்று ஆகாது. அதே மாதத்தில் ஒரு நாள் மண்டபத்திலோ கீழக்கரையிலோ கரையிறங்கும் கூடையிலும் 30 கலவாவை அளந்து, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.