பார்வை நரம்பு அழற்சி: ஆன்டிபாடி பரிசோதனையில் கோட்டைவிடாமல் இருக்க

ஒரு கண் திடீரென மங்கி, விழியை அசைத்தாலே வலிக்கிறதா? பார்வை நரம்பு அழற்சியாக இருக்கலாம். இரு கண்ணும் ஒன்றாக மங்கினாலோ, பார்வை அடியோடு போனாலோ, விடாத விக்கலும் வாந்தியும் சேர்ந்துகொண்டாலோ, அக்வாபோரின்-4, எம்ஓஜி என்ற நரம்பு மண்டலப் புரதங்களைத் தவறுதலாகத் தாக்கும் இரண்டு ஆன்டிபாடிகளையும் (உடலின் எதிர்ப்புப் புரதங்கள்) ரத்தத்தில் தேடியாக வேண்டும்.

முதலில் ரத்தம், பிறகு சிகிச்சை. ஸ்டீராய்டுக்கு முன்பே எடுப்பது நல்லது. பிளாஸ்மா மாற்றத்துக்கு (ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றும் சிகிச்சை) முன் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அது ஆன்டிபாடியையே ரத்தத்திலிருந்து அகற்றிவிடும் என்பதால், நோய் இருந்தும் 'நெகட்டிவ்' வரலாம். சாதாரண குழாயில் 5 மில்லி போதும். அரை மணி நேரம் உறையவிட்டு, தெளிந்து நிற்கும் நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரிப்பார்கள். அக்வாபோரின் ஆன்டிபாடி பெரும்பாலும் ரத்தத்தில்தான் உருவாகிறது. அதனால் இதற்காக மட்டும் முதுகில் நீர் எடுக்கத் தேவையில்லை.

'செல் அடிப்படையிலான முறை' என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த முறையில், ஆன்டிபாடி தாக்கும் புரதம் இயல்பான வடிவிலேயே செல்லின் மேல் இருப்பதால் முடிவை நம்பலாம். எலைசா என்ற மற்றொரு முறையில் லேசான பாசிட்டிவ் வந்தால் அது பொய்யாகவும் இருக்கலாம்.

முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்கக் கூடாது. அக்வாபோரின் ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் எனும் ரத்தத்தின் தற்காப்புப் புரதங்களைத் தூண்டி நரம்பைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களைக் கொல்கிறது. பின்னாலேயே நரம்பிழைகளும் சாகின்றன. செத்த இழை திரும்ப முளைக்காது. மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை தினம் 1 கிராம், 3 முதல் 5 நாள், ரத்தக்குழாய் வழியாகத் தருவது வழக்கம். பார்வை தெளியவில்லையென்றால் தாமதிக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள், 5 முதல் 7 முறை பிளாஸ்மா மாற்றம்.

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (பார்வை நரம்பையும் தாக்கும் வேறொரு நரம்பு நோய்) என்று நினைத்து, அதற்கான பீட்டா இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட், நட்டலிசுமாப் மருந்துகளைத் தொடங்கிவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. அக்வாபோரின் ஆன்டிபாடியால் வரும் நோயை இவை மோசமாக்கலாம். சந்தேகம் இருந்தால் அறிக்கை கைக்கு வந்த பிறகே இந்த மருந்துகள்.

எம்ஓஜி ஆன்டிபாடியின் அளவு (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் தெரிகிறது என்ற கணக்கு) 1:10, 1:32 போலக் குறைவாக இருந்தால் அதை மட்டும் வைத்து நோயென்று முடிவுகட்ட வேண்டாம். ஸ்கேனும் அறிகுறிகளும் ஒத்துப்போக வேண்டும். எம்ஓஜி நோயில் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பிவிடலாம், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

முடிவு நெகட்டிவ், ஆனால் சந்தேகம் விடவில்லையா? 3 முதல் 6 மாதத்தில் மறுபடி பாருங்கள். அக்வாபோரின் தெளிவாகப் பாசிட்டிவ் என்றால் இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திருக்காமல் நீண்டகால மருந்து தேவை. அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ரிடுக்சிமாப் என்றால் அதற்கு முன் ஹெபடைடிஸ்-பி, காசநோய்ப் பரிசோதனைகளை முடித்துவிடுங்கள்.