எந்த ஆணியைப் பிடுங்கினாலும் படம் விழும்படி கயிறு கட்டுவது எப்படி?

இரண்டு ஆணிகளும் இருக்கும்வரை படம் தொங்க வேண்டும்; அவற்றுள் எதைப் பிடுங்கினாலும் விழுந்துவிட வேண்டும். பாதுகாப்புக்கென்று இரண்டாவது ஆணி அடிப்பவருக்கு இது விபரீத ஆசையாகத் தோன்றலாம். எனினும் கயிற்றுப் புதிர்களுள், கணிதம் இவ்வளவு நேரடியாகக் கையில் அகப்படுவது இதில்தான் என்பது என் கருத்து.

கண்ணாடிச் சட்டமிட்ட படம் வேண்டாம். கனமான அட்டை போதும். தேங்காய் நார்க் கயிறு உரசி நின்றுவிடுமாதலால் வழவழப்பான நைலான் கயிற்றையே எடுத்துக்கொள்ளவும். ஆணிகளை ஒரே மட்டத்தில் ஒரு சாண் இடைவெளியில் அடித்து, கயிற்றின் ஒரு முனையை அட்டையின் இடது மூலையில் கட்டவும். மறுமுனையை இரண்டு ஆணிகளுக்கும் மேலாக வலப்புறம் கொண்டுபோய், வலது ஆணிக்குக் கீழே திருப்பி, ஆணிகளுக்கு இடையே மேலேற்றி, இடது ஆணியின்மேல் இடப்புறமாக இறக்கவும். பிறகு இரண்டுக்கும் அடியில் வலக்கோடிக்குச் சென்று, வலது ஆணியின்மேல் இடப்புறமாகத் தாண்டி, இடைவெளி வழியே இறக்கி, வலது மூலையில் கட்டவும். புதிதாக வரும் கயிறு எப்போதும் பழைய கயிற்றுக்கு முன்னால், நம் பக்கமாகவே செல்ல வேண்டும். ஓரிடத்தில் பின்னால் நுழைந்தாலும் உண்மையான முடிச்சு விழுந்துவிடக்கூடும்.

இடது ஆணியை மேற்புறமாக வலஞ்சுழியாகத் தாண்டுவதை இ என்றும், வலது ஆணியை அவ்வாறு தாண்டுவதை வ என்றும், இடஞ்சுழியாகத் தாண்டுவதை அவற்றின் நேர்மாறு (⁻¹) என்றும் குறித்தால், நாம் கட்டியது இ வ இ⁻¹ வ⁻¹ ஆகும். வலது ஆணியைப் பிடுங்கினால் வ, வ⁻¹ இரண்டும் மறைய, எஞ்சும் இ இ⁻¹ ஒன்றையொன்று நீக்கிவிடும். இடது ஆணியைப் பிடுங்கினாலும் இதே கதைதான். இரண்டும் இருக்கையில் ஓர் எழுத்தும் அதன் நேர்மாறும் எங்கும் அடுத்தடுத்து வராததால் எதுவும் நீங்காது. எண்களின் பெருக்கலைப்போல இங்கும் வரிசையை மாற்றிக்கொள்ள முடிந்திருந்தால் படம் முதலிலேயே விழுந்திருக்கும். பரிமாற்றுப் பண்பு இல்லாமல், ஓர் எழுத்தும் அதன் நேர்மாறும் அடுத்தடுத்து வந்தால் மட்டுமே நீங்கும் இத்தகைய அமைப்பைக் கட்டற்ற குலம் என்பர்.

மூன்றாவது ஆணி மூ எனில், மேற்கண்ட நான்கெழுத்துச் சொல் முழுவதையும் சொ என்று கொண்டு, சொ மூ சொ⁻¹ மூ⁻¹ எனச் சுற்றலாம். சொ⁻¹ என்பது வ இ வ⁻¹ இ⁻¹. மொத்தம் 10 தாண்டல்கள். நான்கு ஆணிகளுக்கு இவ்வாறே ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 22 ஆகிவிடும். இரண்டிரண்டாக இணைத்து, அவ்விரு சொற்களுக்கும் அதே விதியைப் பயன்படுத்தினால் 16 போதும்.